கைத்தடி எந்தக் கையில்?

என் தாயாருக்கு 71ஆம் வயதில் வலது இடுப்பு மூட்டை மாற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிச் சில வாரங்கள் வாக்கரைப் பிடித்து நடந்தார். பிறகு ஒரு நாள், உடற்பயிற்சி சொல்லித்தர வந்த இளம்பெண், “பாட்டி, இனிமேல் வாக்கர் வேண்டாம். ஒரு கைத்தடி போதும். அதை இடது கையிலே பிடிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வந்தது வம்பு. எதிர்வீட்டுப் பெரியவர் அன்று மாலை நலம் விசாரிக்க வந்தார். அவர் கட்டிட மேஸ்திரியாக இருந்தவர். “சாய்கிற சுவருக்கு எந்தப் பக்கம் முட்டுக் கொடுப்பாங்க? சாய்கிற பக்கந்தானே! வலிக்கிற கால் வலது கால். தடி இடது கையிலேயா? அந்தப் பொண்ணு மாத்திச் சொல்லிட்டுப் போயிருக்கு” என்றார். என் தாயார் என்னைப் பார்த்தார். “ஏண்டா, நீ பௌதிக வாத்தியார்தானே, நீ சொல்லு.”

கல்லூரியில் பல ஆண்டுகளாகத் திருப்புத்திறன் பாடம் நடத்தி வருபவன் நான். ஆனாலும் சற்றும் யோசியாமல், “மாமா சொல்வதுதான் சரி போலிருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை தாயார் தடியை வலது கையில் ஊன்றி நான்கு அடி வைத்தார், முகம் சுருங்கியது, உட்கார்ந்துவிட்டார். “இதுக்குப் பழைய வலியே தேவலை” என்றார். அன்றைக்குத்தான் நான் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கணக்கை இன்று உங்களோடு சேர்ந்து போடப் போகிறேன். பத்தாம் வகுப்பு நெம்புகோல் பாடம் தெரிந்தால் போதும்.

ஆட்டுக்கல்லும் குழவியும்

முதலில் மூட்டின் அமைப்பைப் பார்ப்போம். ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லில் ஒரு குழி. அந்தக் குழியில் எப்பக்கமும் சுழலும் ஒரு குழவி. இடுப்பெலும்பின் இருபுறமும் கிண்ணம் போன்ற ஒரு குழி உண்டு. தொடை எலும்பின் உச்சி பந்துபோல் உருண்டு அக்குழியில் பொருந்துகிறது. பந்துக்கும் கிண்ணத்துக்கும் வழுவழுப்பான குருத்தெலும்புப் பூச்சு, இடையே மூட்டுநீர். ஆரோக்கியமான மூட்டின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.01 அளவில்தான் இருக்கிறது. எண்ணெய் போட்ட உலோகத்தின் மேல் உலோகம் வழுக்கும்போதுகூட உராய்வு இதைப்போல் பல மடங்கு.

முதுமையினாலோ நோயினாலோ அந்தக் குருத்தெலும்பு தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உரசும். வலி தாங்காமல் நடையைக் குறைப்பார்கள். நடை குறையத் தசை மெலியும். தசை மெலிய நடை இன்னும் குறையும். இந்தச் சுழலில் சிக்கியவர்களுக்குத்தான் பந்தையும் கிண்ணத்தையும் மாற்றிப் புதியவற்றைப் பொருத்துகிறார்கள்.

ஒற்றைக் காலில் ஒரு தராசு

இப்போது எழுந்து நில்லுங்கள். வலது கையை வலது இடுப்பின் வெளிப்புறத்தில், கால்சட்டைப் பைக்குச் சற்று மேலே, அழுத்தி வையுங்கள். மெல்ல இடது காலைத் தரையிலிருந்து தூக்குங்கள். கைக்கு அடியில் ஒரு தசை கல்போல் இறுகுகிறதல்லவா? தூக்கியது இடது காலை. இறுகியது வலதுபக்கத் தசை! ஏன்?

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நாம் ஒரு காலில்தான் நிற்கிறோம். வலது காலில் நிற்கும்போது வலது இடுப்பு மூட்டு ஆதாரப்புள்ளி. இடுப்பெலும்பு அதன்மேல் கிடக்கும் தராசுக்கோல். உடலின் எடை மூட்டுக்கு நேர்மேலே இல்லை. அது உட்புறமாக, நடுக்கோட்டின் அருகே இருக்கிறது. ஆகவே இடுப்பின் இடது பகுதி கீழே தொங்கப் பார்க்கும். அப்படித் தொங்கிவிடாமல் வலது வெளிப்புறத் தசை இழுத்துப் பிடிக்கிறது. நீங்கள் கையால் உணர்ந்தது அந்தத் தசையைத்தான். அத்தசை வலுவிழந்தால் எதிர்ப்பக்க இடுப்பு தொய்ந்துவிடும். இதை 1895இல் டிரெண்டெலன்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் விளக்கினார். இன்றும் மருத்துவ மாணவர்கள் நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி அவர் பெயரால் சோதிக்கிறார்கள்.

எண்களைப் போடுவோம். ஒருவரின் எடை 600 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 60 கிலோகிராம் நிறை உள்ளவர் என்க. ஊன்றிய கால் மூட்டுக்குக் கீழே இருக்கிறது; அது உடலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மூட்டின் மேல் நிற்பது மீதி 500 நியூட்டன். அது மூட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிச் செயல்படுகிறது. தசை மறுபுறம் 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. திருப்புத்திறன்கள் சமமாக வேண்டும்: 500ஐ 10ஆல் பெருக்கினால் 5,000 நியூட்டன் சென்டிமீட்டர். அதை 5ஆல் வகுத்தால் தசையின் விசை 1,000 நியூட்டன். தராசின் ஆதாரப்புள்ளி இருதட்டின் சுமையையும் தாங்க வேண்டுமல்லவா? ஆக மூட்டின் மேல் விழுவது 500உம் 1,000உம் சேர்ந்து 1,500 நியூட்டன். உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு!

உண்மையில் தசை செங்குத்தாக இழுப்பதில்லை. தொலைவுகளும் ஆளுக்கு ஆள் மாறும். இருந்தாலும் கணக்கு மோசமில்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? பெர்லின் நகரில் பெர்க்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் விசையை அளக்கும் கருவியும் சிறு வானொலிப் பரப்பியும் உள்ளே வைத்த செயற்கை மூட்டுகளைச் சில நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். அவர்கள் நடக்க நடக்க, மூட்டே தன் சுமையை வெளியே அறிவித்தது. 2001இல் வெளியான அளவீட்டின்படி, மணிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது சராசரிச் சுமை உடல் எடையில் 238 சதவீதம். படியேறும்போது 251, இறங்கும்போது 260. நம் பென்சில் கணக்கு 250 சதவீதம் என்றது. பரவாயில்லையே!

அதே குழு 1993இல் வெளியிட்ட மற்றோர் எண்ணை நான் மறக்க முடியவில்லை. அளவீட்டுக்கு ஒத்துக்கொண்ட நோயாளி ஒருவர் தற்செயலாகத் தடுக்கித் தடுமாறினார். விழவில்லை; சமாளித்துக்கொண்டார். அந்த ஒரு கணத்தில் மூட்டின் சுமை உடல் எடையின் எட்டு மடங்கைத் தாண்டியது. விழாமல் காத்துக்கொள்ளத் தசைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெடுக்கென்று இறுகியதன் விளைவு அது. வீட்டில் முதியவர் நடக்கும் வழியில் கிடக்கும் மிதியடியையும் மின்கம்பியையும் அப்புறப்படுத்தச் சொல்வது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

தடி செய்யும் வேலை

கைத்தடிக்கு வருவோம். வலது மூட்டு புதியது. தடி இடது கையில். வலது மூட்டிலிருந்து இடது கைக்குக் குறுக்கே 40 சென்டிமீட்டர் இருக்கும். தடியை 75 நியூட்டன் விசையால் மட்டும் ஊன்றுகிறார் என்க. ஏழரைக் கிலோ எடைதான். தரை தடியை 75 நியூட்டனால் மேலே தள்ளுகிறது. அதன் திருப்புத்திறன் 75 பெருக்கல் 40, அதாவது 3,000. தொங்கப் பார்த்த இடது பக்கத்தை அது தூக்கிப் பிடிக்கிறது. தசைக்கு மிஞ்சிய வேலை 5,000இல் 3,000 போக 2,000. ஐந்தால் வகுத்தால் 400 நியூட்டன். மூட்டின் சுமை 500உம் 400உம் கூட்டி, தடி ஏற்றுக்கொண்ட 75ஐக் கழிக்க, 825 நியூட்டன்.

1,500 எங்கே, 825 எங்கே! கை கொடுத்தது 75. மூட்டுக்குக் குறைந்தது 675. ஒன்பது மடங்கு ஆதாயம். தடி எடையைத் தாங்குவதால் மட்டும் இது வரவில்லை. தசையைச் சும்மா இருக்கச் செய்ததால் வந்தது.

அதே தடியை வலது கையில் பிடித்தால்? கை மூட்டுக்கு வெளியே, வலப்புறம் 20 சென்டிமீட்டரில் இருக்கும். அங்கே மேல்நோக்கித் தள்ளினால் இடுப்பின் வலது பக்கம் உயர்கிறது. இடது பக்கம் இன்னும் தொய்கிறது! 75 பெருக்கல் 20, அதாவது 1,500, எதிரியோடு சேர்ந்துகொள்கிறது. தசை இப்போது 6,500ஐச் சமாளிக்க வேண்டும்; விசை 1,300. மூட்டின் சுமை 1,300உம் 500உம் கூட்டி 75 கழிக்க 1,725. தடியே இல்லாமல் நடப்பதைவிட மோசம்.

மேஸ்திரி மாமா சொன்ன சுவர் உவமை எங்கே தவறியது? சாயும் சுவருக்கு அடி அகலம் உண்டு. அது விழும் பக்கம் ஒன்றுதான். நம் உடலோ ஒற்றை முளையில் நிறுத்திய துலாக்கோல். அது விழப் பார்ப்பது வலிக்கும் காலின் பக்கமாக அல்ல, மறுபக்கமாக. முட்டுக் கொடுக்க வேண்டியதும் அங்கேதான். மாமாவின் விதி சரி. விழும் பக்கம் எது என்பதில்தான் பிழை. இதை அவரிடம் சொன்னபோது, “அப்படிச் சொன்னா சரிதான்” என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் தெருவில் பாருங்கள்: பல முதியவர்கள் வலிக்கும் காலின் பக்கத்திலேயே தடி ஊன்றி நடக்கிறார்கள், பலன் இருப்பதாகவும் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பக்கமாக உடம்பையே சாய்த்துவிடுகிறார்கள். சாய்வதால் எடை மையம் மூட்டை நோக்கி நகர்கிறது. 10 சென்டிமீட்டராக இருந்த தொலைவு 4 ஆனால், தசையின் விசை 500 பெருக்கல் 4 வகுத்தல் 5, அதாவது 400. மூட்டின் சுமை 900 ஆகக் குறைந்துவிடும். விந்தி விந்தி நடப்பவரை யாரும் கேலி செய்யாதீர்கள். அவருடைய உடல் யாரும் சொல்லித்தராமலே திருப்புத்திறன் கணக்கைப் போட்டு விடை கண்டிருக்கிறது. அந்த விடைக்கு விலையும் உண்டு: முதுகெலும்பு ஒவ்வோர் அடிக்கும் வளைகிறது, வேலை இல்லாத இடுப்புத் தசை மேலும் மெலிகிறது.

இந்த எந்திரவியல் புதிதல்ல. ஜெர்மனியில் பாவெல்ஸ் என்பவர் 1930களிலேயே இடுப்பு மூட்டின் விசைகளை வரைந்து கணக்கிட்டார். 1956இல் பிளவுண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் ‘கைத்தடியை எறிந்துவிடாதீர்கள்’ என்ற பொருள்படும் தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: உயிருள்ள மனிதரிடம் அளந்தால் சுமை நம் தாள் கணக்கு காட்டும் அளவுக்குக் குறைவதில்லை. தசைகள் பல, பழக்கமும் பலவிதம். எந்தக் கை என்பதில் மட்டும் மாற்றமில்லை.

நூற்பாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக்

என் தாயாரின் இடுப்பில் இருக்கும் பந்தும் கிண்ணமும் வந்த கதை சுவையானது. 1938இல் லண்டனில் பிலிப் வைல்ஸ் என்பவர் துருப்பிடிக்காத எஃகால் மூட்டு செய்து பொருத்திப் பார்த்தார். 1946இல் பாரிஸில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் பந்து செய்தார்கள். பல நோயாளிகளுக்கு முதலில் நன்றாகவே இருந்தது. பிறகு தளர்ந்தது.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் இருந்தார். 1911இல் லங்காஷயர் பகுதியில் பிறந்தவர். ஜூடே பந்து பொருத்தப்பட்ட ஒருவர் அவரிடம் விசித்திரமான குறையோடு வந்தார். உணவு மேசையில் அவர் குனியும்போதெல்லாம் இடுப்பு ‘கிறீச்’ என்று சத்தம் போடுகிறதாம். மனைவி அறையை விட்டே எழுந்து போய்விடுகிறாராம்! மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். சார்ன்லிக்கோ அந்தச் சத்தம் ஒரு தடயமாகப் பட்டது. எண்ணெயில்லாத கதவுக்கீல் ஏன் கிறீச்சிடுகிறது? உராய்வால். உராய்வு மிகுந்தால், பந்து சுழலும்போது அதைப் பிடித்திருக்கும் தண்டையும் எலும்பிலிருந்து முறுக்கி அசைக்கும். நோயாளிகளுக்கு மூட்டு தளர்ந்துபோவதன் காரணம் அதுதான் என்று அவர் முடிவு செய்தார். பிறகு அவர் மருத்துவரோடு பொறியாளராகவும் ஆனார். காசநோயாளிகளுக்காக இருந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டுக்கென ஒரு மையமும் ஆய்வுக்கூடமும் பட்டறையும் அமைத்துக்கொண்டார்.

அவருடைய இயற்பியல் எளியது. உராய்வு விசை பந்தின் விளிம்பில் செயல்படுகிறது. அதன் முறுக்கு, விசையையும் பந்தின் ஆரத்தையும் பெருக்கக் கிடைப்பது. ஆரத்தைக் குறைத்தால் முறுக்கும் குறையும். ஆகவே 40 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த பந்தைப் படிப்படியாகச் சிறிதாக்கி, ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு விட்டத்துக்கு, அதாவது 22 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். பந்து சிறிதானதால் கிண்ணத்தின் சுவரைத் தடிமனாக்கவும் இடம் கிடைத்தது. தண்டை எலும்புக்குள் நிறுத்த, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் பொருளைச் சிமென்ட் போல் குழைத்து இட்டார். அது ஒட்டுவதில்லை, செங்கல்லுக்கு நடுவே சாந்து போல் இடைவெளியை நிரப்பிச் சுமையைப் பரப்புகிறது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்பது நீங்கள் அறிந்ததே.

கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். தோசைக்கல்லில் மாவு ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே, அதுதான். உராய்வு மிகக் குறைவு. நோயாளிகள் வலியின்றி எழுந்து நடந்தார்கள். ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். ஓரிரு ஆண்டுகளில் வந்தது சோதனை. டெஃப்லான் வழுக்கும், ஆனால் தேயும். எக்ஸ்ரேயில் பார்த்தால் பந்து கிண்ணத்தைக் குடைந்துகொண்டு மேலே போயிருந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவைப் புண்ணாக்கின. நம்பி வந்தவர்களின் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டிய நிலை. உராய்வு வேறு, தேய்மானம் வேறு என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிப் போகிறோம். சார்ன்லி அதை எவ்வளவு விலை கொடுத்துக் கற்றார் பாருங்கள்.

1962இல் நூற்பாலைப் பொருள் விற்கும் ஒருவர் ரைட்டிங்டன் பட்டறைக்கு வந்தார். லங்காஷயர் ஆலைகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்படும் ஒரு புதுப் பிளாஸ்டிக்கின் மாதிரியைக் காட்டினார். அது மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொண்ட பாலிதீன். சார்ன்லி பார்த்துவிட்டு, பயனில்லை என்று ஒதுக்கிவிட்டார். அங்கே ஹாரி கிரேவன் என்ற பட்டறைத் தொழில்நுட்பர் இருந்தார். தேய்மானம் அளக்கும் எந்திரத்தைச் செய்தவர் அவர். சார்ன்லி வெளியூர் போயிருந்த சமயம், சும்மா கிடந்த எந்திரத்தில் அந்தத் துண்டை மாட்டி ஓட்டிவிட்டார். இரவு பகலாகச் சில வாரங்கள் ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி எந்திரத்தின் முன் நின்று பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. அவ்வாண்டு நவம்பரில் முதல் பாலிதீன் கிண்ணம் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இம்முறை அவர் அவசரப்படவில்லை. டெஃப்லான் துகளையும் பாலிதீன் துகளையும் தம் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கவனித்தார். டெஃப்லான் வைத்த இடம் தடித்தது. பாலிதீன் வைத்த இடம் சும்மா இருந்தது. சர் பட்டம் பெற்ற அவர் 1982இல் காலமானார். உலகெங்கும் இன்று செய்யப்படும் இடுப்பு மூட்டு மாற்றங்களில் அவருடைய உலோகப் பந்தும் பாலிதீன் கிண்ணமும் ஏதோ ஒரு வடிவில் தொடர்கின்றன. கிரேவனுடைய பெயரைப் பலர் அறியமாட்டார்கள், நீங்களாவது அறிந்துகொள்ளுங்கள்.

படுக்கையில் ஒரு நீரேற்றி

1960களில் மூட்டு மாற்றிய பிறகு நோயாளியைப் பல நாட்கள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். இன்று அன்றைக்கே, அல்லது மறுநாள், எழுப்பி நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அதைக் கேட்டுப் பதறியவர்கள் பலர். “வெட்டின காலை ஊன்றச் சொல்றாங்களே!” என்றார் என் அத்தை. ஆனால் ஆபத்து நடப்பதில் அல்ல, கிடப்பதில்தான் அதிகம்.

நிற்கும்போது பாதம் இதயத்துக்குக் கீழே ஏறத்தாழ 1.25 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு நிற்கும் இரத்தத் தூணின் அழுத்தம், அடர்த்தியையும் புவியீர்ப்பையும் உயரத்தையும் பெருக்கினால், 95 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் வரும். இதயத்தின் உந்தல் அங்கே சிரைகளை அடைவதற்குள் தீர்ந்துபோகிறது. பிறகு இரத்தம் எப்படி மேலேறுகிறது? கெண்டைக்கால் தசை இறுகும்போதெல்லாம் ஆழத்திலுள்ள சிரைகளைப் பிழிகிறது. சிரைகளில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் தடுக்கிதழ்கள் உண்டு. அடிகுழாயின் வால்வு போலவே அவை இரத்தத்தை மேலே மட்டும் விடுகின்றன. தசை அசையாவிட்டால் குழாய் அடிக்க ஆளில்லை. இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் மயக்கம் தெளிந்தவுடனே சொல்லும் முதல் பயிற்சி, படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. அறுவை சிகிச்சைக்கு முந்திய நாளே என் தாயாருக்கு இதைப் பழக்கினார்கள். தையல் எந்திரத்தை மிதிப்பது போல என்று அந்தப் பெண் சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டது. முப்பது ஆண்டு மிதித்தவராயிற்றே! அடுத்தது, முழங்காலை மெத்தையில் அழுத்தித் தொடைத் தசையை இறுக்குவது; பின் புட்டத் தசையை இறுக்குவது. இவற்றில் மூட்டு அசைவதே இல்லை. தசை மட்டும் விழித்துக்கொள்கிறது. பிறகு குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்து முழங்காலை மடக்குவது, காலைப் பக்கவாட்டில் விலக்குவது. கடைசியில் சொன்ன இதுதான் நாம் கணக்கில் கண்ட அந்த வெளிப்புறத் தசைக்கான பயிற்சி.

சுறுசுறுப்பான என் தாயார் ஒருநாள், யாரும் சொல்லாமலே, காலை நீட்டியபடி நேராகத் தூக்கிப் பார்த்தார். வலித்தது. இயற்பியல் அதை முன்பே சொல்லும். காலின் எடை 100 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் மூட்டிலிருந்து 40 சென்டிமீட்டரில். தூக்கும் தசைக்குக் கிடைக்கும் நெம்புகரம் 4 சென்டிமீட்டர் என்று வைத்தால் அது 1,000 நியூட்டன் இழுக்க வேண்டும். படுத்திருப்பவரின் மூட்டு ஓய்வெடுக்கிறது என்று நினைக்கிறோம். நீட்டிய காலைத் தூக்கினால் தடியோடு நடப்பதைவிட அதிகச் சுமை விழுகிறது! முழங்காலை மடக்கிக்கொண்டால் ஈர்ப்பு மையம் கிட்டே வந்துவிடும். அதனால்தான் மடக்கும் பயிற்சி முதலில் வருகிறது.

எலும்பும் சும்மாயிருப்பதை விரும்பாது. சுமை விழும் இடத்தில் எலும்பு தடிக்கும், விழாத இடத்தில் கரையும் என்று 1892இல் ஜூலியஸ் வோல்ஃப் எழுதினார். விண்வெளி நிலையத்தில் எடையின்றி மிதப்பவர்கள், தடுப்புப் பயிற்சி போதாதபோது, இடுப்புப் பகுதி எலும்பில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இழந்திருக்கிறார்கள்.

சம்மணம் போடலாமா?

சார்ன்லியின் சிறிய பந்துக்கு ஒரு குறை உண்டு. சிறு பந்து கிண்ணத்தை விட்டு எளிதில் நழுவும். இடுப்பை மிகவும் மடக்கினால், பந்துக்குக் கீழுள்ள கழுத்துப் பகுதி கிண்ணத்தின் விளிம்பில் முட்டும். முட்டிய இடம் ஆதாரப்புள்ளி. தொடை முழுவதும் நீண்ட நெம்புகோல். மேலும் மடக்கினால், டின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்புவது போல் பந்து வெளியே வந்துவிடும். 1990களின் பிற்பகுதியில் கதிர்வீச்சால் சங்கிலிகளைக் குறுக்கே பின்னிய, இன்னும் தேயாத பாலிதீன் வந்தது. அதனால் மெல்லிய கிண்ணமும் 32, 36 மில்லிமீட்டர் பந்தும் வைக்க முடிகிறது. நழுவும் அபாயம் குறைந்திருக்கிறது.

இருந்தாலும் தசையும் உறையும் ஆறும்வரை, பின்புறமாகத் திறந்து அறுவை செய்தவர்களுக்கு மூன்று கட்டுப்பாடுகள் சொல்வது வழக்கம்: தொடையை வயிற்றை நோக்கிச் செங்கோணத்துக்கு மேல் மடக்காதே, கால்மேல் கால் போடாதே, பாதத்தை உட்பக்கம் திருப்பாதே. முன்புறமாகத் திறந்திருந்தால் விதி வேறு. இப்போது பல மருத்துவர்கள் விதிகளைத் தளர்த்தியும் வருகிறார்கள். அறுவை செய்தவர் சொல்வதே அவரவர்க்குச் சட்டம். நம் வீடுகளில் இது பெரிய மாற்றம். மணையில் உட்கார்ந்து சாப்பிடுவது, குந்தி உட்கார்ந்து கோலம் போடுவது, குந்து கழிப்பறை எல்லாமே செங்கோணத்தைத் தாண்டியவை. நாங்கள் கழிப்பறையில் உயர்ந்த இருக்கை வைத்தோம். நாற்காலிக்கு மேல் கெட்டியான மெத்தை போட்டோம். தரையில் உட்கார முடியாமல்போனதில்தான் தாயாருக்கு மிகுந்த வருத்தம். “கோலம் போடாத கை என்ன கை” என்றார். மருமகள் போடும் கோலத்துக்கு நாற்காலியில் அமர்ந்து புள்ளி எண்ணிச் சொல்வதோடு திருப்தி அடைய வேண்டியதாயிற்று.

படிக்கும் ஒரு விதி உண்டு: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது புதுக் கால் முன்னே. 17 சென்டிமீட்டர் படியொன்றில் 600 நியூட்டன் எடையை உயர்த்த ஏறத்தாழ 100 ஜூல் வேலை தேவை. மேல்படியில் இருக்கும் கால்தான் முழங்காலை நிமிர்த்தி அந்த வேலையைச் செய்கிறது. இறங்கும்போதும் மேல்படியிலுள்ள கால்தான் மெல்ல மடங்கி உடலைத் தாழ்த்துகிறது. இரண்டு வேளையும் கடினமான வேலை நல்ல காலுக்கே போகட்டும் என்பதுதான் விதி. உங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறியிறங்கிப் பார்த்தால் எந்தத் தொடை உழைக்கிறது என்பது தெரியும்.

கடையில் ஒரு கணக்கு

மூன்று மாதம் கழிந்து, மருத்துவர் அனுமதித்த பிறகு, தாயார் தெருமுனைக் காய்கறிக் கடைக்குத் தனியே போய்வந்தார். இடது கையில் தடி. வலது கையில் பை. ஐந்து கிலோ இருக்கும். வாசலில் நின்ற எதிர்வீட்டு மாமா என்னை முறைத்தார். “அறுவை செஞ்ச பக்கத்திலேயே சுமையா? பையை மாத்திப் பிடிக்கச் சொல்லக்கூடாதா?”

இம்முறை நான் அவசரப்படாமல் கணக்குப் போட்டேன். தடி இல்லாமல், பையை இடது கையில் பிடித்தால் 50 பெருக்கல் 40, அதாவது 2,000 கூடுகிறது. தசை 1,400 இழுக்க வேண்டும். மூட்டின் மேல் 1,950. வலது கையில் பிடித்தால் பை தராசின் மறுதட்டில் விழுகிறது. 50 பெருக்கல் 20, அதாவது 1,000 குறைந்து, தசைக்கு 800, மூட்டின் மேல் 1,350. வெறுங்கையோடு நடந்தால் 1,500 என்று கண்டோமே, அதைவிடக் குறைவு!

இடது கையில் தடி, வலது கையில் பை, இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு? எனக்கு 675 நியூட்டன் வந்தது. நீங்களும் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு 625 வந்தால், பையின் எடையை மூட்டின் மேல் சேர்க்க மறந்துவிட்டீர்கள்.